பொன்னியம்மா கேட்ட சவாரி

சித்தூரில் எங்கள் சபையில் இன்பசேகரன் என்று இரண்டு பேர் உண்டு. ஒருவர் ஞாயிற்றுக்கிழமை மணி அடிக்கிறவர். இன்னொருவரைப் 'போட்டு' இன்பசேகரன் என்போம். மழைக்காலத்தில் மட்டும் ஆற்றில் தண்ணீர் பார்க்கிற ஊரில் ஒரு மனிதருக்கு அப்படி ஒரு பெயர் எப்படி வந்தது என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். அவருடைய மனைவி ஞானசௌந்தரியும் நானும் ஒரே பள்ளிக்கூடத்தில் டீச்சர்கள், அடுத்தடுத்த வீடு. அதனால் நடந்ததில் பாதியைக் கண்ணால் பார்த்தேன், மீதியை அவர்கள் வாயால் கேட்டேன்.

இன்பசேகரன் தச்சர் வீட்டுப் பிள்ளை. எழுபதுகளின் தொடக்கத்தில் மெட்ராஸுக்கு வேலை தேடிப் போனவர், எண்ணூர் பக்கம் ஒரு சின்னப் படகுப் பட்டறையில் சேர்ந்தார். அங்கே மரத்தில் படகு கட்டுவதில்லை. கண்ணாடி நாரைப் பாய் மாதிரி விரித்து, அச்சுக்குள் வைத்து, மேலே பிசின் தடவி, உருளையால் அழுத்திக் காற்றுக் குமிழியை எல்லாம் வெளியேற்ற வேண்டும். காய்ந்தால் கல் மாதிரி இறுகிவிடும். ஃபைபர் போட்டு என்று சொல்வார்கள். அந்த நார்த்தூள் உடம்பெல்லாம் அரிக்கும். லீவுக்கு வீட்டுக்கு வந்தால் ஞானசௌந்தரி அவரை வாசலிலேயே நிறுத்தி, இரண்டு பக்கெட் தண்ணீர் ஊற்றிய பிறகுதான் உள்ளே விடுவாள். ஆனாலும் அந்த வேலையை அவர் ஆசையாகச் செய்தார். கைக்கு வழவழப்பாக ஒரு படகு அச்சிலிருந்து கழன்று வருகிற நேரத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் சோறு ஆறிவிடும்.

பட்டறை முதலாளி வெங்கடரமணன். 1979இல் அவரிடம் ஒரு பணக்கார வாடிக்கையாளர் வந்தார். வெளிநாட்டில் நடுக்கடலில் நடக்கிற படகுப் பந்தயத்தைப் பார்த்துவிட்டு வந்தவர். அதே மாதிரி ஒரு படகு வேண்டும், பந்தயத்துக்கு அல்ல, குடும்பத்தோடு உல்லாசமாகப் போய்வர, ஆனால் அந்த வேகம் வேண்டும் என்றார். கொண்டுவந்த படங்களை மேஜை மேல் பரப்பினார். ஒற்றைப் படகு இல்லை. ஒல்லியாக இரண்டு ஓடங்கள் பக்கத்துப் பக்கத்தில், மேலே இரண்டையும் சேர்த்து ஒரு தளம், பின்னால் இரண்டு மோட்டார்.

"இதுக்குப் பேரு கட்டமரான்" என்றார் அந்த வாடிக்கையாளர்.

"நம்ம கட்டுமரத்ததான் இங்கிலீஷ்காரன் கொண்டு போயி, கோட்டு மாட்டித் திருப்பி அனுப்பிச்சிருக்கான்" என்றார் இன்பசேகரன். பட்டறையே சிரித்ததாம்.

அந்தப் படகின் சூட்சுமம் நடுவில் இருக்கிற வெற்றிடத்தில் இருந்தது. வேகம் எடுக்க எடுக்க, இரண்டு ஓடங்களுக்கும் நடுவே புகுகிற காற்று படகைத் தூக்கிப் பிடிக்கும். தண்ணீரில் உரசுவது குறையும், வேகம் இன்னும் கூடும். அளவுக்கு மேல் காற்று புகுந்துவிட்டால் மூக்கு மேலே எழும்பிவிடும். இது எல்லாருக்கும் தெரிந்துதான் இருந்தது. எந்த வேகத்தில் எழும்பும் என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை. ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

முதல் ஓட்டத்துக்கு எண்ணூர் அலை சரிப்படாது என்று வெங்கடரமணன் பிச்சாட்டூர் ஏரியைத் தேர்ந்தெடுத்தார். ஆரணியாற்றில் அணை கட்டித் தேக்கிய ஏரி. அந்த வருஷம் நல்ல மழை, தண்ணீர் கரை முட்ட நின்றது. படகை லாரியில் ஏற்றி, ஊத்துக்கோட்டை வழியாகக் கொண்டுபோனார்கள். லாரிக்குப் பின்னால் நாகலாபுரத்திலிருந்தே சைக்கிள்கள் தொடர்ந்தனவாம். கரையில் திருவிழாக் கூட்டம்.

ஓட்டியவர் சம்பத், பட்டறையின் மெக்கானிக். முன்பக்கம் பாரம் இருந்தால் மூக்கு எழும்பாது என்று இன்பசேகரன் அவருக்கு முன்னால் உட்கார்ந்தார். இரண்டு பேரும் லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தார்கள். இன்பசேகரனுக்கு நீச்சல் தெரியாது. சித்தூரில் யார் நீச்சல் கற்றுக்கொள்கிறார்கள்?

இரண்டு சுற்று நன்றாகப் போயிற்று. மூன்றாவது சுற்றில் சம்பத் வேகத்தைக் கூட்டினார். மலைப்பக்கத்திலிருந்து எதிர்க்காற்று ஒன்று சட்டென்று அடித்தது. "தடதடன்னு இருந்த சத்தம் திடீர்னு நின்னுடுச்சி. தண்ணியே இல்லாத மாதிரி ஆயிடுச்சி. நான் வானத்தப் பாத்தேன்" என்று இன்பசேகரன் சொல்வார். படகு மூக்கைத் தூக்கி, பின்பக்கமாகக் குட்டிக்கரணம் போட்டுத் தலைகீழாக விழுந்தது.

சம்பத் தூரமாய்த் தூக்கி எறியப்பட்டார். தோள்பட்டை எலும்பு முறிந்தது, ஆனால் ஜாக்கெட் அவரை மிதக்க வைத்தது. இன்பசேகரன் மாட்டிக்கொண்டது அதே ஜாக்கெட்டால்தான். அவர் கவிழ்ந்த படகுக்கு அடியில் இருந்தார். ஜாக்கெட் அவரை மேலே மேலே தூக்கி, படகின் உட்பக்கத்தோடு வைத்து அழுத்தியது. வெளியே வர வேண்டுமென்றால் முதலில் கீழே போக வேண்டும். ஜாக்கெட் கீழே விடவில்லை.

கரையில் நின்ற கூட்டம் கத்தியது. ஓட்டத்தின்போது யாரும் ஏரிக்குள் வரக்கூடாது என்று காலையிலேயே சொல்லியிருந்தார்கள். அதனால் மீன் பிடிக்கிற பரிசல்கள் எல்லாம் ஓரமாக நின்றன. அதில் ஒன்றில் பொன்னியம்மாவும் அவள் புருஷன் கிருஷ்ணப்பாவும் இருந்தார்கள். பொன்னியம்மாவின் அப்பன் அடுத்தவர் நிலத்தில் பண்ணையாளாகவே வாழ்ந்து முடித்தவர். அணை வந்த பிறகு இவர்களுக்கு ஒரு துண்டு நிலம் கிடைத்தது. அதில் விளைவது பாதி வருஷத்துக்குத்தான் வரும். மீதிக்கு மீன் காண்டிராக்டரிடம் கூலிக்கு வலை போட்டார்கள்.

பொன்னியம்மா யாரையும் கேட்கவில்லை. "தள்ளுய்யா" என்று புருஷனிடம் சொல்லிப் பரிசலை நடு ஏரிக்கு விட்டாள். வலை அறுக்கிற கத்தியைப் பல்லில் கடித்துக்கொண்டு குதித்தாள். கலங்கல் தண்ணீரில் ஒன்றும் தெரியவில்லை. ஒரு தடவை மேலே வந்து மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடியும் போனாள். கையில் ஒரு கால் தட்டுப்பட்டது. இழுத்தாள், வரவில்லை. தடவிக்கொண்டே மேலே போய் ஜாக்கெட்டின் பட்டையைக் கண்டுபிடித்து, ஒவ்வொன்றாக அறுத்தாள். பிறகு சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

கவிழ்ந்த படகின் அடிப்பக்கம் வானத்தைப் பார்த்துக் கிடந்தது. இரண்டு ஓடங்களுக்கும் நடுவில் இருந்த பள்ளம் தொட்டில் மாதிரி இருந்தது. அவள் கீழிருந்து தள்ள, கிருஷ்ணப்பா பரிசலிலிருந்து தாவி மேலே இழுக்க, இன்பசேகரனை அந்தப் பள்ளத்தில் குப்புறப் போட்டார்கள். அவள் முதுகில் ஏறி அழுத்தினாள். தண்ணீர் தண்ணீராக வந்தது. அப்புறம் ஒரு இருமல் வந்தது.

திருப்பதி பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நெஞ்சில் சளி கட்டி, காய்ச்சல் வந்து, கொஞ்ச நாள் யாரையும் சரியாக அடையாளம் தெரியாமல் கிடந்தார். செய்தி வந்ததும் ஞானசௌந்தரி என்னையும் கூட்டிக்கொண்டு கிளம்பினாள். டாக்டர் "பயமில்லை" என்று சொன்ன மறுநாள், அவள் என்னிடம், "அந்தம்மாவைப் பாத்துட்டு வரணும்" என்றாள். புருஷனைத் தன் நாத்தனாரிடம் ஒப்படைத்துவிட்டுப் பிச்சாட்டூருக்குப் பஸ் ஏறினோம்.

பொன்னியம்மா வீட்டு முன்னால் வலை காய்ந்துகொண்டிருந்தது. அவள் எங்களைவிடச் சின்னவள், முப்பது முப்பத்திரண்டு இருக்கும். கறுத்து, மெலிந்து, பெரிய கண்ணோடு இருந்தாள். இந்த உடம்பா அந்த ஆளை இழுத்தது என்று நினைத்தேன். ஞானசௌந்தரி அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதாள். பொன்னியம்மாவும் அழுதாள். பத்து வயசு மகள் சென்னம்மா எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

கொண்டுபோன புடவையைக் கொடுத்தோம். வாங்கிக்கொண்டாள். "இது போதாதும்மா" என்றாள் ஞானசௌந்தரி. "உனக்கு இன்னும் ஏதாவது செய்யணும். வாய் திறந்து கேளு. எங்களால முடிஞ்சத செய்யறோம்."

"அதெல்லாம் ஒண்ணும் வோணாம்க்கா."

"அப்படிச் சொல்லாத. ஏதாவது கேளு."

பொன்னியம்மா புருஷனைப் பார்த்தாள். அப்புறம் வெட்கத்தோடு சிரித்தாள். "அந்த போட்டு கீதே... அதுல ஒரு தபா குந்திகினு போவணும்க்கா."

கிருஷ்ணப்பா தலையில் அடித்துக்கொண்டார். "பைத்தியமா உனுக்கு? அதுல போயி ரெண்டு பேரு சாவப் பாத்தாங்க!"

"அது இன்னா ஸ்பீடா போச்சி பாத்தியா" என்றாள் அவள். அவ்வளவுதான் சொன்னாள்.

ஞானசௌந்தரி சரி என்று வாக்குக் கொடுத்துவிட்டாள். என்ன வாக்குக் கொடுத்தோம் என்பது திரும்பி வருகிற பஸ்ஸில்தான் எங்கள் இருவருக்கும் உறைத்தது. அந்தப் படகை அதற்குள் மெட்ராஸுக்கு எடுத்துப் போய்விட்டார்கள். பிறகு சரிபண்ணி, வேகத்தைக் குறைத்து, வாடிக்கையாளருக்குக் கொடுத்தார்கள். அது பம்பாய்ப் பக்கம் போய்விட்டது.

இன்பசேகரன் பிழைத்து வந்தார். ஆனால் பட்டறைக்குத் திரும்பவில்லை. பிசின் வாசனை பட்டாலே மூச்சு அடைத்தது. குளிக்கிற தண்ணீரை முகத்தில் ஊற்ற மாட்டார், துண்டை நனைத்துத் துடைத்துக்கொள்வார். மாம்பழக் கூழ் தயாரிக்கிற ஒரு ஃபேக்டரியில் பெட்டி அடிக்கிற வேலைக்குப் போனார். மனுஷன் அமைதியாகிவிட்டார். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். காலையில் எழுந்ததும் வாசலுக்கு வந்து நின்று, நாலு தடவை மூச்சை இழுத்து விடுவார். "ஸ்தோத்திரம் ஆண்டவரே, ஸ்தோத்திரம் பொன்னியம்மா" என்பார். இரண்டு பேரையும் ஒரே மூச்சில் சேர்த்துச் சொல்கிறாரே என்று எங்கள் பாஸ்டர் ஒருநாள் சிரித்தார். "ரெண்டு பேரும் சேந்துதானே ஐயரே இழுத்தாங்க" என்றார் இவர்.

கிறிஸ்துமஸுக்கு இங்கிருந்து பலகாரம் போகும். பொங்கலுக்கு அங்கிருந்து பச்சரிசியும் கருவாடும் வரும். வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவை இவர்கள் போய்வருவார்கள். பொன்னியம்மா அவரை அண்ணன் என்று கூப்பிட ஆரம்பித்தாள். ஒவ்வொரு தடவை கிளம்பும்போதும், "இன்னாண்ணே, போட்டு எப்ப வரும்?" என்று கேட்டுச் சிரிப்பாள். அவள் விளையாட்டாகத்தான் கேட்டாள். இவருக்கு அது முள் மாதிரி குத்தும்.

1982இல் சம்பத் சித்தூர் வந்தார். வெங்கடரமணன் பட்டறையை வேறு இடத்துக்கு மாற்றுகிறார் என்றும், பழைய அச்சுகளைக் கழிக்கிறார் என்றும் சொன்னார். பெரிய படகைக் கட்டுவதற்கு முன்னால், மாதிரிக்காக அதே உருவத்தில் சின்னதாக ஒரு அச்சு செய்திருந்தார்கள். "உனக்கு வேணுமான்னு கேட்டுட்டு வரச் சொன்னார். லாரி கூட அவரே அனுப்பறாராம்" என்றார் சம்பத்.

உள்ளே இருந்து ஞானசௌந்தரி, "வேணும்னு சொல்லுங்க" என்றாள்.

"எனக்கு அந்த வாசனையே ஆகாதே, சௌந்தரி."

"எனக்கு ஆகும். நான் தடவறேன். நீங்க தூர நின்னு சொல்லுங்க."

அச்சு வந்தது. மாம்பழ சீசன் முடிந்து ஃபேக்டரி ஷெட் காலியாக இருந்தது. அங்கே வைத்துக்கொள்ளுங்கள் என்று அந்த முதலாளி இடம் கொடுத்தார். சனி ஞாயிறுகளில் வேலை. மூக்கில் துணி கட்டிக்கொண்டு ஞானசௌந்தரி பிசின் தடவுவாள். பள்ளிக்கூடத்தில் காகிதப் பூ வெட்டுகிற கத்தரிக்கோலால் நான் கண்ணாடி நார் வெட்டினேன். இரண்டு நாள் கை அரித்தது. அவர் வாசலுக்கு வெளியே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, "அங்க குமிழி நிக்குது, உருளைய இன்னும் அழுத்து" என்று கத்துவார். சில வாரத்தில் ஸ்டூல் வாசலுக்கு உள்ளே வந்தது. அப்புறம் ஒருநாள் உருளையைப் பெண்டாட்டி கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார். "இப்படியா தேய்ப்பாங்க!" ஞானசௌந்தரி என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள்.

படகு தயாரானதும் இன்னொரு சிக்கல் வந்தது. நீச்சல் தெரியாமல் இந்தத் தடவை தண்ணீரில் இறங்கமாட்டேன் என்றார் அவர். அதில் நியாயம் இருந்தது. பொன்னியம்மாவிடம் சொன்னதும், "அதுக்கு இன்னாண்ணே, வா" என்றாள். அவர் இடுப்பில் வலைக் கயிற்றைக் கட்டி, மறுமுனையைப் பரிசலில் கட்டி, முழங்கால் ஆழத்திலிருந்து ஆரம்பித்தாள். நாற்பது வயசு மனுஷன் கையைக் காலை உதறிக்கொண்டு கூப்பாடு போடுவார். கரையில் கிராமமே உட்கார்ந்து வேடிக்கை பார்க்கும்.

"அண்ணே, தண்ணிய ஏன் அடிக்கிற? அது உன்ன இன்னா பண்ணுச்சி?"

"இன்னா பண்ணுச்சின்னு உனக்குத் தெரியாதா?"

"அது வேற நாளு. இன்னிக்கி அது சும்மாதான் கீது. நீயும் சும்மா படு."

அடுத்த வருஷம் மழைக்கு முன்னால் பல ஞாயிற்றுக்கிழமை இப்படிப் போயிற்று. கடைசியில் ஒருநாள் மல்லாந்து படுத்து, கயிறு தளர்ந்திருக்க, மிதந்தார். கரையேற மனசில்லாமல் அப்படியே கிடந்தார் என்றுதான் சொல்ல வேண்டும். கரைக்கு வந்து தலையைத் துவட்டும்போது முகம் முழுக்கத் தண்ணீர் இருந்தது. அவர் அதைத் துடைக்கவில்லை.

1984 ஜனவரி, பொங்கல் முடிந்த வாரம். ஏரி நிரம்பியிருந்தது. சம்பத் தன்னிடம் இருந்த ஒரு பழைய மோட்டாரைச் சரிபண்ணிக் கொண்டுவந்து மாட்டினார். படகு பெரியதில் பாதிகூட இல்லை. வெள்ளை நிறம், ஓரத்தில் மாம்பழ மஞ்சளில் ஒரு கோடு. இருக்கையை முன்னாலும் தாழ்வாகவும் வைத்திருந்தார்கள். எதிர்க்காற்றில் மோட்டாரை முழுக்க முடுக்குவதில்லை என்று இன்பசேகரன் எல்லார் முன்னாலும் சொன்னார்.

ஞானசௌந்தரி முதலில் கொடுத்த அந்தப் புடவையைக் கட்டிக்கொண்டு பொன்னியம்மா வந்தாள். மடிப்புக் கலையாமல் அதுவரை வைத்திருந்திருக்கிறாள். கிருஷ்ணப்பாவைக் கூப்பிட்டார்கள். அவர், "நான் பரிசல்ல நிக்கிறேன், எதுக்கும் ஒரு ஆளு வோணும்" என்று தயாராகத் துடுப்போடு நின்றார். ஞானசௌந்தரி கண்ணை மூடி ஜெபம் பண்ணினாள். பக்கத்தில் யாரோ கற்பூரம் கொளுத்தினார்கள்.

இன்பசேகரன் ஓட்ட, பொன்னியம்மா முன்னால் உட்கார, படகு மெதுவாகப் போய், அகலமான தண்ணீருக்கு வந்ததும் வேகம் எடுத்தது. இரண்டு ஓடங்களுக்கும் நடுவில் காற்று புகுந்து அது சற்றே எழும்பியதைக் கரையிலிருந்தே பார்க்க முடிந்தது. தண்ணீர் இரண்டு கோடாகப் பின்னால் பிரிந்தது. பொன்னியம்மாவின் முந்தானை பறந்தது. அவள் ஏதோ கத்துவது தெரிந்தது, என்னவென்று கேட்கவில்லை. பிறகு இன்பசேகரன் சொன்னார்: "இன்னும், இன்னும்ணே!" என்று கத்தினாளாம். இவருக்கும் பயம் போன இடம் தெரியவில்லையாம்.

ஏரியை ஒரு முழுச் சுற்று சுற்றியதும், நடுவில் நிறுத்தச் சொன்னாள். மோட்டாரை அணைத்தார்.

"ஏம்மா, வேகம் போதுமா? எதுக்கு இதக் கேட்ட நீ? வேற எது கேட்டிருந்தாலும் செஞ்சிருப்போமே."

"இந்தத் தண்ணியில நான் ஒருநாளும் சும்மா வந்ததில்லண்ணே" என்றாள் பொன்னியம்மா. "வலைக்கு வருவேன், மீனுக்கு வருவேன், கூலிக்கு வருவேன். மானத்தப் பாத்தா மழ வருமான்னு பாப்பேன், தண்ணியப் பாத்தா மீனு கீதான்னு பாப்பேன். ஒரு வேலையும் இல்லாம, சும்மா, சந்தோசத்துக்குன்னு போறவங்க எப்படிப் போவாங்கன்னு அன்னிக்கிதான் பாத்தேன். நானும் ஒரு தபா அப்படிப் போவணும்னு இருந்துச்சி."

இன்பசேகரன் அவள் பக்கம் திரும்பினார். "இப்ப எப்படி இருந்திச்சி?"

"ஐயோ, சாமி!" என்று சிரித்தாள். "இன்னொரு சுத்து போலாமா?"

இன்னொரு சுற்று போனார்கள். அப்புறம் சென்னம்மா ஏறினாள், அவள் தோழிகள் ஏறினார்கள், ஞானசௌந்தரி ஏறினாள், கண்ணை இறுக மூடிக்கொண்டு நானும் ஏறினேன். பெட்ரோல் தீரும்வரை அன்று அந்த ஊரில் ஒருவரும் வேலைக்குப் போகவில்லை.

படகை அங்கேயே விட்டார்கள். தண்ணீர் இருந்த இரண்டு மூன்று வருஷம், லீவு நாட்களில் இன்பசேகரன் போய் ஓட்டுவார். அப்புறம் மழை பொய்த்து ஏரி வற்றியது. படகை விற்றுவிட்டார்கள், நெல்லூர்ப் பக்கம் யாரோ வாங்கிப் போனார்கள். அதற்காக அவர் வருத்தப்பட்டு நான் பார்க்கவில்லை. "அது எதுக்கு வந்திச்சோ அத செஞ்சிட்டுது" என்பார். பிசின் வேலையைத் திரும்பவும் பிடித்துக்கொண்டார். சித்தூரைச் சுற்றிக் கூழ் ஃபேக்டரிகளுக்கு ஃபைபர் தொட்டி செய்துகொடுத்தார், கை நிறைய வேலை இருந்தது.

1987இல் சென்னம்மாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. பொன்னியம்மாவுக்குக் கூடப் பிறந்த ஆண்பிள்ளை கிடையாது. அவளும் கிருஷ்ணப்பாவும் சித்தூருக்கு வந்து, தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து, "மாமன் சீரு நீதான் வெக்கணும்ணே" என்றார்கள். அவர் எழுந்து உள்ளே போய்விட்டார். கொஞ்ச நேரம் கழித்து முகம் கழுவிக்கொண்டு வந்து தட்டை வாங்கினார். சபையில் ஒருவர் இருவர், நாம் வேதக்காரர், அந்தச் சடங்கெல்லாம் நமக்கு எதற்கு என்று முணுமுணுத்தார்கள். பாஸ்டரிடம் போய்க் கேட்டார். "தங்கச்சி வீட்டுக் கல்யாணத்துக்குப் போக என்னிடம் அனுமதி எதுக்கு?" என்றார் பாஸ்டர். "எனக்கும் ஒரு இலை போடச் சொல்லுங்க."

பட்டுப்புடவை, வளையல், மஞ்சள் குங்குமம், பழம், பூ என்று தட்டுத் தட்டாக ஏந்திக்கொண்டு, மேளம் முன்னே போக, சித்தூரிலிருந்து வந்த நாங்கள் எல்லாரும் அந்தத் தெருவில் நடந்தோம். பெண்ணின் கையைப் பிடித்து மணையில் கொண்டுபோய் உட்கார வைப்பது மாமன் வேலை. இன்பசேகரன் சென்னம்மாவின் கையைப் பிடித்துப் பந்தலுக்குள் கூட்டி வந்தார். மணையில் அவள் உட்கார்ந்த பிறகும் அந்தக் கையை விடாமல் அப்படியே நின்றார். கண் நிறைந்து வழிந்துகொண்டிருந்தது. கடைசியில் புரோகிதர்தான் சொல்ல வேண்டியிருந்தது: "மாமா, கைய விடுங்க. மாப்பிள்ள காத்துக்கினு கீறாரு."